பார்லர் சுவரில் ஒட்டிய தாள்: மேக்கப் கம்பெனிகளைப் புறக்கணிப்பது சரியா?

அஸ்தம்பட்டி பார்லர் அக்கா:
பதினோரு வருஷமாக இங்கே பார்லர் வைத்திருக்கிறேன். போன வாரம் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். விலங்குகளை வைத்துச் சோதிக்கும் கம்பெனிகளின் பொருள், மைக்கா எங்கிருந்து வருகிறது என்று சொல்லாத கம்பெனிகளின் ஐ-ஷேடோ, சிவப்பழகு கிரீம், இந்த மூன்றும் இனி இங்கே கிடையாது என்று எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் உனக்கெதுக்கும்மா" என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆரம்பித்து வைத்தது என் மகள். ஐ-ஷேடோ டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த 'சி.ஐ. 77019' என்ற எண்ணைக் காட்டி என்ன என்று கேட்டாள். தேடிப் பார்த்தால் அது மைக்கா. சின்ன வயதில் மண்ணில் பொறுக்கி விளையாடுவோமே, காக்காப்பொன், அதுதான். கல்யாணப் பெண்ணின் இமையில் நான் மோதிர விரலால் ஒற்றி எடுக்கும் மினுமினுப்பு அது. ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடி பக்கம் குழந்தைகள் குழிக்குள் இறங்கி அதைச் சுரண்டி எடுக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் குறைந்தது ஏழு குழந்தைகள் இறந்ததை 2016-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளைச் செய்தியாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். படித்ததிலிருந்து அந்த டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை. நான் செய்தது சரியா, சொல்லுங்கள்.

கடைவீதி ஃபேன்சி:
அக்கா, உங்கள் மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தத் தாளை நான் எதிர்க்கிறேன். சின்னக்கடை வீதியில் ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறேன். நான் ஒரு கிரீமை ரேக்கிலிருந்து எடுத்தால் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும். கவுன்டரில் நிற்கும் அயோத்தியாப்பட்டணத்துப் பெண்ணுக்குச் சம்பள நாளில் தெரியும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பத்து ரூபாய் பாக்கெட் வாங்குகிறவர்கள். அம்மாபேட்டையில் தறி வேலை முடித்துவிட்டு வரும் பெண்ணிடம், "இது வேண்டாம், விலங்குகள் மேல் சோதிக்கவில்லை என்று முயல் படம் போட்டது அறுநூறு ரூபாய்க்கு இருக்கிறது" என்று எந்த வாயால் சொல்வேன்? நியாயம் பார்த்து வாங்க வசதி வேண்டும்.

வேதியியல் வாத்தியார்:
முயல் படம் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அழகுசாதனப் பொருளை விலங்குகள் மேல் சோதிப்பதற்கு இந்தியாவில் 2014 மே மாதமே தடை வந்துவிட்டது. அப்படிச் சோதித்த பொருளை இறக்குமதி செய்யவும் அதே வருஷம் நவம்பரில் தடை. ஐரோப்பிய ஒன்றியம் 2013-லேயே அப்படிச் சோதித்த பொருளின் விற்பனையை நிறுத்தியது. ஆக, முயல் படம் இல்லை என்பதற்காக உங்கள் பத்து ரூபாய் பாக்கெட் பாவம் செய்த பொருள் ஆகிவிடாது தம்பி.

ஆனால் அக்கா கேட்பது கம்பெனியைப் பற்றி. அங்கேதான் சிக்கல். வெளிநாட்டு மேக்கப் பொருளை விலங்குகள் மேல் சோதித்தே ஆக வேண்டும் என்று சீனா வைத்திருந்தது. 2021 மே மாதத்திலிருந்துதான், உரிய சான்றிதழ் இருந்தால் சாதாரணப் பொருள்களுக்கு விலக்கு. ஹேர் டை, சன்ஸ்கிரீன், சருமத்தை வெளுக்க வைக்கும் கிரீம் எல்லாம் அந்த விலக்கில் சேராது. இங்கே ஒரு சட்டத்துக்கும் அங்கே ஒரு சட்டத்துக்கும் அடங்கி நடக்கும் கம்பெனியை எந்தக் கணக்கில் வைப்பது?

இருபதாவது வளைவு:
நான் ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். மைக்கா விஷயத்தில் அக்காவோடு ஒத்துப்போக முடியவில்லை, கோபமாகவே சொல்கிறேன்.

1980-ல் வனச் சட்டம் வந்த பிறகு அந்தப் பக்கம் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சுரங்கம் போனது, மக்கள் போகவில்லை. கழித்துப் போட்ட குவியலில் உதிரி மைக்காவைப் பொறுக்குவதுதான் அவர்கள் பிழைப்பு. 'டிப்ரா' என்று சொல்வார்கள். நாளெல்லாம் பொறுக்கி ஒரு கூடை சேர்த்து இடைத்தரகரிடம் கொடுத்தால்தான் சாயங்காலம் அரிசி. நாம் வாங்காவிட்டால் அந்தக் கூடையின் விலை இன்னும் இறங்கும். அப்போது குழிக்குள் இறங்கும் பிள்ளைகள் குறைவார்களா, கூடுவார்களா?

மலையில் இதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஒரு வருஷம் எங்கள் காபியை வாங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று வாங்குவதை நிறுத்திவிட்டார். நான் தோட்டத்தை விற்கவில்லை, வண்டியை விற்கவில்லை. முதலில் நான் வெட்டியது பழம் பறிக்க வந்த பெண்களின் வேலை நாளை. வாரத்துக்கு ஆறு நாள் மூன்றானது. அதில் ஒரு அக்கா மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, கூடவே மிளகு பறிக்க அழைத்து வந்தார். அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

கண்மை:
மலை அக்கா சொல்வது உண்மை. ஆனால் வாங்கிக்கொண்டே இருந்தால் மட்டும் கூடையின் விலை ஏறிவிட்டதா? இத்தனை வருஷமாக உலகமே வாங்கியது, ஏறவில்லையே. 2016-ல் அந்தச் செய்தி வந்து அசிங்கமான பிறகுதான் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து 2017-ல் பொறுப்பான மைக்காவுக்கென்று பாரிஸில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. பயம் இல்லாமல் அவர்கள் அசையவில்லை.

கொடைக்கானலை மறந்துவிட்டோமா? இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் பழைய சாமான் கடைக்குப் போனது வெளியே தெரிந்து, 2001-ல் அதை மூடினார்கள். அங்கே வேலை பார்த்த 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது 2016 மார்ச்சில். பதினைந்து வருஷம்! அதற்கு முந்தைய வருஷம்தான் இணையம் முழுக்க அந்தப் பேச்சு, அந்தக் கம்பெனி சோப்பை வாங்காதீர்கள் என்று எங்கள் வீட்டிலேயே சண்டை நடந்தது. நாங்கள் நிறுத்தினோம். அதே கம்பெனிதான் 1975-லிருந்து விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி'யை 2020-ல் 'குளோ அண்ட் லவ்லி' ஆக்கியது. உலகமெங்கும் நிறவெறிக்கு எதிராகக் கூட்டம் கூடிய வருஷம் அது.

கடைவீதி ஃபேன்சி:
பெயர்தானே மாறியது? டியூப் அதே டியூப். இன்றைக்கும் வந்து பழைய பெயரில்தான் கேட்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் "கொஞ்சம் கலர் கம்மி" என்று சொல்வதை நிறுத்தாதவரை, நான் எடுத்தால் பக்கத்துக் கடையில் வாங்குவார்கள்.

வேதியியல் வாத்தியார்:
தாள் ஒட்டுவதில் இன்னொரு சங்கடம். பாடி ஷாப் என்ற அழகுசாதனக் கடையை 1976-ல் பிரிட்டனில் அனிதா ராடிக் தொடங்கினார். விலங்குச் சோதனையை எதிர்த்தே பெயர் வாங்கிய கடை. 2006-ல் அதை, விலங்குச் சோதனைக்குப் பேர் போன லோரியால் கம்பெனி வாங்கியதும், அதுவரை தேடிப்போய் வாங்கியவர்களே புறக்கணிக்கச் சொன்னார்கள். 2017-ல் பிரேசிலின் நட்டுரா கம்பெனி கைக்குப் போனது. 2023-ல் மறுபடி கை மாறி, 2024-ல் பிரிட்டனில் திவால் நிலைக்கு வந்தது. நல்லவர், கெட்டவர் என்று எழுதி ஒட்டினால், பசை காய்வதற்குள் முதலாளி மாறிவிடுகிறார்.

அஸ்தம்பட்டி பார்லர் அக்கா:
எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். ஏற்காட்டு அம்மணி சொன்ன மிளகுக் கதை ராத்திரி முழுக்க மனசில் ஓடியது. மைக்கா வரியை மட்டும் அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, பொருள் கொண்டுவந்து தரும் ஏஜென்சிக்குக் கடிதம் எழுதப் போகிறேன்: இந்த மைக்காவை யாரிடம் வாங்குகிறீர்கள், பொறுக்குகிறவர்களுக்கு என்ன கூலி, எழுத்தில் சொல்லுங்கள். லஷ் என்ற மேக்கப் கம்பெனி மாதிரி செயற்கை மைக்காவுக்கு மாறுவது சுலபம், ஆனால் அதில் கோடர்மாக்காரர்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்பது இப்போது புரிகிறது.

சிவப்பழகு வரியை எடுக்க மாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "அக்கா, கழுத்துக்கும் சேர்த்துப் போடுங்க, மாப்பிள்ளை வீட்டுல கறுப்புன்னு சொல்லிட்டாங்க" என்று கண் கலங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். எத்தனை முன்பணம் திரும்பிப் போனாலும் சரி.

கண்மை:
மைக்கா வரியை அடித்தது தப்பு அக்கா. கடிதத்துக்குப் பதில் வராது.

கடைவீதி ஃபேன்சி:
ஒரு பார்லரிலிருந்து போனால் வராதுதான். என் கடை சீலையும் போட்டுத் தருகிறேன், லீ பஜாரில் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்க்கிறேன். கிரீமை மட்டும் நான் எடுக்க மாட்டேன், அதில் நாம் ஒத்துப்போக முடியாது. கடிதத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதுங்கள் அக்கா. ஏஜென்சி ஆள் வியாழக்கிழமை வருவார்.