உடம்பு போன மூளைக்குக் கால் அரிக்குமா?

கல்லடி_வாத்தி: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "அமெரிக்காவில் பன்றி மூளையை உடம்பில்லாமல் 4 மணி நேரம் உயிரோடு வைத்தார்களாம், அது எல்லாம் உணர்ந்ததாம். உடம்பு போனால் வலியும் இல்லை, பரம நிம்மதி." வாசித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. 2019இல் யேல் பல்கலைக்கழகத்தில் நெனாட் செஸ்தான் குழு செய்தது அது. பன்றி செத்து 4 மணி நேரம் கழித்துத்தான் மூளையைக் கருவியில் பொருத்தினார்கள். இரத்தத்துக்குப் பதிலாக ஒரு திரவத்தை அதற்குள் ஓடவிட்டது 6 மணி நேரம். நாலு அல்ல, ஆறு!

பாண்டிருப்பு_பையன்: அந்த ஒருவர் நான்தான் சேர். நாலோ ஆறோ, உயிர் இருந்ததா இல்லையா?

கல்லடி_வாத்தி: ஆறு. 32 மூளைகள். கலங்கள் குளுக்கோசும் ஒட்சிசனும் எடுத்தன, சரி. ஆனால் உணர்வைக் காட்டும் மின் அலைகள் ஒன்றிலும் வரவில்லை.

அக்கரைப்பற்று_நானா: நரம்பை அடக்கும் மருந்தையும் அந்தத் திரவத்தில் கலந்திருந்தார்களே, அதை ஏன் வாத்தியார் விழுங்கிவிட்டார்? வாயைக் கட்டிவிட்டு "இவன் பேசவில்லை" என்கிறார்.

கல்லடி_வாத்தி: சொல்லத்தான் வந்தேன். முதலில் தம்பி ஆறு என்று ஒத்துக்கொள்ளட்டும்.

ஆரையம்பதி_அக்கா: மணிக்கணக்கை விடுங்கள். என் சித்தப்பாவுக்கு மிதிவெடியில் கால் போனது. இன்றும் நடுச்சாமத்தில் எழும்பி, இல்லாத பெருவிரலைச் சொறியப் பாயைத் தடவுவார். கால் போனாலும் மூளைக்குள் கால் கிடக்கிறது. அப்படியானால் உடம்பு முழுக்கப் போனால் உடம்பு முழுக்க அரிக்குமே! சொறியக் கையும் இல்லை. இதுவா நிம்மதி?

கல்லடி_வாத்தி: மூளையைத் தொட்டால் மூளைக்கு வலிக்காது. ஆளை விழித்திருக்க வைத்தே அறுவை செய்கிறார்கள். சித்தப்பாவுக்கு அரிப்பது மிச்சக் காலிலுள்ள நரம்பால்.

ஆரையம்பதி_அக்கா: நரம்பு மட்டும்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? சித்தப்பாவைக் கேட்டீர்களா?

அக்கரைப்பற்று_நானா: 1950களில் மக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மங்கல் கண்ணாடியும் கையுறையும் போட்டுச் சும்மா படுக்க வைத்தார்கள். பலருக்கு இல்லாத காட்சியெல்லாம் தெரிந்தது. மூளை சும்மா இராது. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்பார்களே, அது பாடாத இரவிலும் மூளைக்குப் பாட்டுக் கேட்கும்.

கல்லடி_வாத்தி: மீன் பாட்டைப் பற்றி அக்கரைப்பற்றார் எங்களுக்குப் படிப்பிக்க வேண்டாம். பறுவ நிலவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறீரா?

அக்கரைப்பற்று_நானா: போன வருடம் தயிர்ச் சட்டிச் சண்டையிலும் இப்படித்தான் ஊரை இழுத்தீர். மறக்கவில்லை.

கல்லடி_வாத்தி: அந்தத் தயிர் புளித்ததுதான். அதிலும் நான் சொன்னதே சரி.

பாண்டிருப்பு_பையன்: சேர், பன்றி...

கல்லடி_வாத்தி: என் வகுப்பைக் கட் அடித்தவர்கள் பன்றியைப் பற்றிப் பேச வேண்டாம்.

பாண்டிருப்பு_பையன்: நான் உங்களிடம் படிக்கவே இல்லை!

கல்லடி_வாத்தி: எழுத்திலேயே தெரிகிறது.

ஆரையம்பதி_அக்கா: அரிப்புக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாண்டிருப்பு_பையன்: மூளை உணராது என்றால், உணர்வு திரும்பினால் கொடுக்கவென்று மயக்க மருந்தை ஏன் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள்? அதைச் சொல்லுங்கள்.

கல்லடி_வாத்தி: எத்தனை மணி நேரம் வைத்திருந்தார்கள்? அதைச் சொல்லும் முதலில்.

பாண்டிருப்பு_பையன்: நாலு.