மேற்குத் தாம்பரத்தில் புது வீடு: காற்றோட்டத்தை நம்பலாமா, ஏசியே போதுமா?

கணேசன்_தாம்பரம்:
கீழ்த்தளம் மட்டும் கட்டுறோம், கார்ப்பெட் ஏரியா (சுவருக்குள்ள புழங்கற தரை) 600 சதுர அடி. பெட்ரூமுக்கு தலா ஒரு ஸ்லைடிங் ஜன்னல்தான் பிளான்ல இருக்கு. "எப்படியும் ஏசி மாட்டத்தானே போறீங்க, இன்னொரு ஜன்னல் எதுக்கு சார்?"னு இன்ஜினியர் கேக்கறார். வீட்டுல அவங்க ரெண்டு பக்கமும் ஜன்னல் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. கரண்ட் பில்லும் யோசிக்கணும். என்ன சொல்றீங்க?

செங்கல்சூளை:
உங்க வீட்டுல சொல்றதுதான் சரி. வெளிய போக வழி இருந்தாத்தான் காத்து உள்ள வரும். இப்ப குடியிருக்கற வீட்டுலயே பாருங்க: ஃபேனை நிறுத்திட்டு ஜன்னலோரம் ஊதுபத்தியைப் பிடிங்க. ரூம் கதவு சாத்தியிருந்தா புகை நேரா மேல ஏறும். கதவையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்துவிட்டா சட்டுனு உள்பக்கம் சாயும்.

அப்புறம் அந்த ஸ்லைடிங். 4க்கு 4 போட்டாலும் திறக்கறது பாதிதான், 8 சதுர அடி. மத்திய அரசோட வீடுகளுக்கான மின்சிக்கன விதித்தொகுப்பு, ஈகோ நிவாஸ் சம்ஹிதா (2018), சென்னை மாதிரி வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊருக்கு கார்ப்பெட் ஏரியாவுல 16.66 சதவீதம் திறப்பு வேணும்ங்குது. உங்களுக்கு 100 சதுர அடி. வெளிப்பக்கம் திறக்கற கதவு, வென்டிலேட்டர் எல்லாம் சேர்த்துத்தான்.

கேகேநகர்_ரவி:
100 சதுர அடியா! கிரில், கொசுவலை செலவை யாரு குடுப்பா? வலை போட்டா பாதிக் காத்து அங்கயே நின்னுடும், போடலைன்னா ராத்திரி பூரா கொசுக்கடி. பக்கவாட்டுல கொஞ்சூண்டு இடம் விட்டு அடுத்த வீட்டுச் சுவர் நிக்கும். ஜன்னலைத் திறந்தா அவங்க தாளிக்கற வாசனைதான் வரும், காத்து வராது. மே மாசம் மதியம் திறந்து பாருங்க, அனல்!

கோவைக்காரி:
எங்க ஊர்ல ஆடி மாசம் ஜன்னலைத் திறந்தா காலண்டர் பறக்குமுங்க. ஏசி வாங்கவே இல்லை.

கேகேநகர்_ரவி:
உங்க ஊருக்குக் காத்தை அனுப்பற பாலக்காட்டுக் கணவாய் தாம்பரம் பக்கம் இல்லையே மேடம்.

செங்கல்சூளை:
ரவி சார், மதியம் யாரு திறக்கச் சொன்னா? வெயில் ஏறினதும் சாத்தி ஸ்கிரீனை இழுத்துவிடணும். கடல்காத்து ஏறினப்புறம் கிழக்கு, தென்கிழக்கு ஜன்னலைத் திறக்கணும்.

கேகேநகர்_ரவி:
மேல்காத்து, அதாவது மேற்கேருந்து வர்ற தரைக்காத்து, பலமா அடிக்கற நாள்ல கடல்காத்து வரவே சாயங்காலம் ஆயிடும். 40 டிகிரி தாண்டறதும் அன்னிக்குத்தான். அதுவும் தாம்பரம் இன்னும் உள்ள இருக்கு. வந்தாலும் ஈரக்காத்து, உடம்பு பிசுபிசுங்கும். ஏசி அந்த ஈரத்தையும் சேர்த்து எடுத்துடும், உங்க ஜன்னல் எடுக்குமா?

செங்கல்சூளை:
எடுக்காது. ஆனா வேர்வை காய ஓடற காத்து போதும். கரண்ட் கம்மியா இழுக்கற பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட், எட்டு மணி நேரத்துக்கு கால் யூனிட். 1.5 டன் ஏசி முழு வேகத்துல ஓடினா மணிக்கே ஒன்றரை யூனிட் கிட்ட இழுக்கும். கிடைக்கற இலவச யூனிட் எத்தனை ராத்திரி தாங்கும்? அதோட, ஸ்பிளிட் ஏசி உள்காத்தையேதான் திரும்பத் திரும்பச் சுத்தவிடும். காலையில தலை கனக்குதுன்னா அதையும் யோசிங்க.

கேகேநகர்_ரவி:
இன்வெர்ட்டர் ஏசி ரூம் குளிர்ந்ததும் தானா வேகம் இறங்கிடும் சார், ராத்திரி முழுக்க அந்தக் கணக்கு வராது. உங்க பெரிய ஜன்னல்ல இடுக்கு இருந்தாத்தான் குளிர்ச்சி ஒழுகி பில் ஏறும்.

மேஸ்திரி_மகன்:
ரெண்டு பேரும் ஜன்னலையே புடிச்சுத் தொங்கறீங்களேண்ணே. தனித்தளம், மேல மொட்டைமாடி. பகல் பூரா குடிச்ச வெயிலை கான்கிரீட் ராத்திரி கீழ இறக்கும். பத்து மணிக்கு கட்டில் மேல ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்க, சுடும். அந்த அனலைத்தான் ஃபேன் தள்ளுது, ஏசியும் அதோடதான் மல்லுக்கட்டுது. முதல்ல மாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ், கையைக் கடிச்சா சுண்ணாம்பாவது அடிங்க. மாடிப்படி மேல வர்ற ஹெட்ரூம்ல லூவர் (சாய்வுப் பட்டை வச்ச காத்துத் திறப்பு) வைங்க, சூடு மேல ஏறி வெளிய போயிடும். மழைச்சாரல் வராம சன்ஷேடு மட்டும் இழுத்துவிட்டுடுங்க.

கணேசன்_தாம்பரம்:
ஜன்னல் மேல வர்ற லிண்டல் கான்கிரீட் இன்னும் வார்க்கலை, நல்லவேளை. தென்கிழக்கு ரூமுக்கு ரெண்டு சுவர்லயும் கேஸ்மென்ட் (கதவு மாதிரி முழுசா திறக்கற ஜன்னல்), மேற்கால வெறும் வென்டிலேட்டர், ஹெட்ரூம்ல லூவர். ஏசி பாயிண்ட் ஒரு ரூமுக்கு மட்டும்.

கேகேநகர்_ரவி:
ஒண்ணா? ரெண்டு ரூமுக்கும் இப்பவே ஏசி பைப் விட்டுடுங்க சார். மே மாசம் பூசின சுவரை உடைச்சா இன்ஜினியர் தனி பில் போடுவார்.