மூடிய டிரைவரில் ஜிபிஎல் சிம்பல் பிழை: வழி என்ன?

கேள்வி: என் லினக்ஸ் டிரைவரின் உரிம வரியில் ‘ப்ரொப்ரைட்டரி’ (மூல நிரலை வெளியிடாத மூடிய உரிமம்) என்று இருக்கிறது. பில்டின் கடைசியில் மாட்யூல்களைச் சரிபார்க்கும் மாட்போஸ்ட் என்ற கருவி, ‘ஜிபிஎல்-ஒன்லி சிம்பல்’ (ஜிபிஎல் என்ற திறந்த உரிமம் உள்ள மாட்யூல்களுக்கு மட்டும் கெர்னல் தரும் ஃபங்ஷன்) என்று நிறுத்திவிடுகிறது. கெர்னலுக்கும் டிரைவருக்கும் நடுவில் சின்ன ஜிபிஎல் மாட்யூல் (கெர்னலில் சேர்க்கும் நிரல் துண்டு) ஒன்றை வைத்தால் ஓடுமா?

பதில் 1: அந்த நடு மாட்யூல் உங்கள் மூடிய டிரைவரின் சிம்பலை எடுத்தால் ஓடாது. 2020இல் வந்த 5.9 கெர்னல் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. மூடிய மாட்யூலின் சிம்பலை எடுக்கும் மாட்யூலும் மூடியதாகவே கணக்காகும், ஜிபிஎல் சிம்பல்கள் அதற்கும் கிடைக்காது. உரிம வரியில் மட்டும் ‘ஜிபிஎல்’ என்று பொய் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. அது உரிம மீறல்.

பதில் 2: என்விடியா 2022 மே மாதம் செய்ததைப் பாருங்கள். கெர்னல் மாட்யூலை எம்ஐடி (இன்னொரு திறந்த உரிமம்), ஜிபிஎல் இரட்டை உரிமத்தில் திறந்தது. ஃபர்ம்வேரும், ஜிபியூவில் கணக்கிட உதவும் ‘கூடா’ (CUDA) நூலகமும் மூடியே இருக்கின்றன. சாதனம் எளியதென்றால் யூஐஓ என்ற கெர்னல் வசதி வழியாக டிரைவரை யூசர்ஸ்பேஸுக்கே (கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்கள் ஓடும் இடம்) கொண்டுபோகலாம்.

கேள்வி கேட்டவர்: யூஐஓவில் டிஎம்ஏ (சாதனம் நேரடியாக நினைவகத்தைப் படித்து எழுதுவது) முடியுமா?

பதில் 2: அதற்கு விஎஃப்ஐஓ என்ற இன்னொரு கெர்னல் வசதி. சாதனம் தொடக்கூடிய நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூவை பயாஸில் இயக்க மறக்காதீர்கள்.