தலையணையை இரண்டு வாரம் மூட்டை கட்டணுமா?

இரட்டைச்சடை அம்மா (காலை 10.12)
எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒருவர் போட்ட செய்தி இது: "பிள்ளைக்குப் பேன் மருந்து போட்டால் வீட்டிலுள்ள தலையணை, மெத்தை, பொம்மை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் வையுங்கள். இல்லாவிட்டால் மருந்து வீண்." படித்ததும் எரிச்சலாக வந்தது. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், ஒரே ஒரு படுக்கையறை. இருக்கிற நாலு தலையணையையும் பரணில் போட்டுவிட்டு எதில் படுப்பது? தலையை விட்டு விழுந்த பேனுக்கு ரத்தம் கிடைக்காது, ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். மருந்து போடுவதற்கு முந்தைய இரண்டு நாளில் பிள்ளை தலை வைத்த உறை, போர்வை, துண்டு, இவற்றை மட்டும் நல்ல வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தால் போதும். நான் செய்தது அவ்வளவுதான்.

செல்லூர் பெரியம்மா (10.40)
போதும் என்று நீயே முடிவு பண்ணிவிட்டாயா அம்மா? நாங்கள் ஏழு பெண்கள் பிறந்த வீடு. ஒருத்திக்குப் பேன் என்றால் எங்கம்மா வீட்டுத் துணி முழுவதையும் அண்டாவில் போட்டு அவித்துவிடுவார். பேன் இரண்டு நாளில் சாகும், சரி. ஈரு? அது பொரிக்கவே ஒரு வாரம் ஆகும். அதற்குத்தான் இரண்டு வாரம் கட்டி வைப்பது.

இரட்டைச்சடை அம்மா (10.58)
பெரியம்மா, ஈரு தலையணையில் பொரிக்காது. அதற்குத் தலைச்சூடு வேண்டும். உதிர்ந்த முடியோடு விழுந்த ஈரு ஒரு வாரத்துக்குள் வீணாகிவிடும். நேற்றுச் சின்னவளை வாசல் வெயிலில் மடியில் படுக்கவைத்துப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் முடி வேரிலிருந்து கால் அங்குலத்துக்குள் ஒட்டியிருந்தது, எள்ளைவிடச் சின்னதாக, பழுப்பாக. விரலால் இழுத்தால் அசையவில்லை. நகத்தால் முடி நுனி வரைக்கும் உருவித்தான் எடுத்தேன். இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து அழுத்தினால் 'டிக்' என்றது. என் நகத்துக்கே வராத ஈரு தலையணைக்குத் தானாக இறங்கிப் போகுமா?

பழைய மருந்தாளர் (11.20)
முதலில் எந்தப் பேன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தலைப்பேன் வேறு, சீலைப்பேன் வேறு. சீலைப்பேன் துணியின் தையலில் குடியிருந்து அங்கேயே முட்டையிடும். டைபஸ் காய்ச்சலைப் பரப்பியது அதுதான். துணியை அவிப்பது அதற்குச் சரியான வைத்தியம். தலைப்பேன் முடியில்தான் முட்டையிடும், நோய் பரப்பாது. இரண்டு வாரம் கட்டி வைப்பது துவைக்க முடியாத பொருளுக்குச் சொன்ன யோசனை. தலையணை உறைக்கு இல்லை.

செல்லூர் பெரியம்மா (11.31)
எங்கள் வீட்டில் சீலைப்பேன் இருந்தது என்கிறீர்களா ஐயா? எங்கம்மா வெள்ளாவி வைத்து வெளுத்த துணி பக்கத்துத் தெருவுக்கே தெரியும். மருந்துக்கடையில் உட்கார்ந்தவர் எங்கள் துணியைப் பற்றிப் பேச வேண்டாம்.

பழைய மருந்தாளர் (11.36)
நான் உங்கள் வீட்டைச் சொல்லவில்லையே அம்மா.

செல்லூர் பெரியம்மா (11.38)
வேறு யார் வீட்டில் அண்டா வைத்தார்கள்?

கோவை ராதா (12.05)
தலையணைக்கு ஏன் இவ்வளவு அடிதடி? சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தலையில் தடவுங்கள். பேனும் போகும், ஈரும் போகும். துவைக்கிற வேலையே இல்லை.

இரட்டைச்சடை அம்மா (12.14)
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். குழந்தை தலையில் தடவினால் வழிந்து எங்கே வரும்? கண்ணுக்குத்தான். போன மாதம் எறும்புப் பொடி விவாதத்திலும் இப்படித்தான் எதையோ எடுத்துவிட்டீர்கள்.

கோவை ராதா (12.20)
எறும்புப் பொடியில் தோற்றது யார் என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கோபத்தை இங்கே காட்ட வேண்டாம். எங்கள் பாட்டி தடவினார், எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

இரட்டைச்சடை அம்மா (12.47)
உங்கள் கண் தப்பியது உங்கள் அதிர்ஷ்டம். நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் கோபம் பெரியம்மா மேலோ ராதா மேலோ இல்லை. போன வருடம் மூத்தவளுக்குப் பேன் வந்தபோது நானும் இதே மாதிரி ஒரு செய்தியை நம்பி மூன்று நாள் வீட்டைப் புரட்டிப் போட்டேன். திரைச்சீலை வரைக்கும் துவைத்தேன். மெத்தைக்குப் பூச்சி மருந்து அடித்தேன், அன்று இரவெல்லாம் பிள்ளைகள் இருமினார்கள். அந்த அலுப்பில் 9ஆம் நாள் போட வேண்டிய இரண்டாவது மருந்தை மறந்துவிட்டேன். பெர்மெத்ரின் என்ற அந்தப் பேன் மருந்து உயிரோடிருக்கும் பேனைக் கொல்லும், பொரிக்காத ஈரை விட்டுவிடும். அது பொரித்து மறுபடி தலை நிறையப் பேன். வீடு பளபளவென்று இருந்தது, தலையில் பேன் இருந்தது! இந்த முறை சீப்பு, ரிப்பன், கிளிப் எல்லாவற்றையும் 54 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் பத்து நிமிடம் போட்டேன். மிச்ச நேரமெல்லாம் பேன்சீப்பும் கையுமாக மடியில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேன் தாவாது, பறக்காது. பள்ளியில் தலையோடு தலை ஒட்டி உட்காரும்போதுதான் ஏறுகிறது. பக்கத்துப் பிள்ளையின் தலையைப் பார்க்கச் சொல்ல வெட்கப்படுகிறோம், தலையணையைக் குற்றம் சொல்கிறோம்.

செல்லூர் பெரியம்மா (1.10)
இவ்வளவு எழுதினாய், ஈரு இரண்டு வாரத்தில் பொரிக்குமா பொரிக்காதா என்பதற்குப் பதில் இல்லை.

இரட்டைச்சடை அம்மா (1.13)
10.58க்கு எழுதியதை மறுபடி படியுங்கள் பெரியம்மா. தலையணையில் பொரிக்காது.

கோவை ராதா (1.15)
சீத்தாப்பழத்துக்கு முன்னால் எதுவும் பொரிக்காது.

பழைய மருந்தாளர் (1.30)
பொரித்துப்போன வெறும் ஈர்க்கூட்டைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் அதிகம். எதை ஈரு என்கிறோம் என்பதையாவது...

செல்லூர் பெரியம்மா (1.34)
நீங்கள் சீலைப்பேனுக்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் ஈருக்கு வாருங்கள் ஐயா. பேத்தியின் தலையணை எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. இன்றோடு ஒன்பது நாள். இன்னும் ஐந்து நாள் கழித்துத்தான் இறக்குவேன்.

இரட்டைச்சடை அம்மா (1.36)
ஒன்பதாம் நாளா? தலையணை கிடக்கட்டும் பெரியம்மா, பேத்திக்கு இரண்டாவது மருந்து போட்டாயிற்றா?

செல்லூர் பெரியம்மா (1.52)
பேச்சை மாற்றாதே.