கியரை வேகமாக மாற்றினால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயுமா?

காட்பாடிக்காரன்:
வணக்கம். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், ஐந்து கியர். 48,000 கிலோமீட்டரிலேயே கிளட்ச் பிளேட் போய்விட்டது. மெக்கானிக் கழற்றிக் காட்டினார், ரிவெட் தலை தெரிகிற அளவுக்குத் தேய்மானம், பிளேட் ஒட்டிப் பிடிக்கிற இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலில் சூடேறி நீலம் பாய்ந்த திட்டுகள். "கியரை வேகவேகமா மாத்தறீங்க, அதான்" என்றார். நான் இரண்டிலிருந்து மூன்றுக்குப் பட்டென்று தள்ளுகிற ஆள்தான். தினமும் வேலூரில் காட்பாடியிலிருந்து பாகாயம் போகிறேன், 1, 2 நம்பர் பஸ் போகிற அதே ரூட். மெதுவாக மாற்றினால் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் பின்னால் இருப்பவர் ஹாரனை விடமாட்டார். வேகமாகவும் மாற்ற வேண்டும், புது பிளேட்டும் நிலைக்க வேண்டும். என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி:
நண்பரே, கை வேகம் பிளேட்டைத் தின்னாது. இன்ஜின் ஒரு வேகத்திலும் கியர்பாக்ஸ் வேறொரு வேகத்திலும் சுற்றும்போது கிளட்சிலிருந்து காலை எடுத்தால், அந்த இரண்டையும் உரசி உரசிச் சமப்படுத்துவது பிளேட்தான், தேய்மானம் அங்கேதான் வருகிறது. உங்கள் மாதிரி காரில் இரண்டாவது கியரில் 3000 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றுகிற சுற்று) ஓடுகிறது என்றால், அதே வேகத்தில் மூன்றாவதுக்கு ஏறக்குறைய 2000 போதும். அவசரத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக விடாமல் கிளட்சை மிதித்தால் ஆர்பிஎம் இறங்குவதற்குப் பதில் மேலே எகிறும், மொத்த வித்தியாசமும் பிளேட் தலையில் விழும். அதனால் கிளட்சை மிதிக்கிற அதே கணத்தில் வலது காலை எடுத்துவிடுங்கள். லீவர் நியூட்ரலைக் கடந்து மூன்றில் விழுவதற்குள் ஆர்பிஎம் தானாக இறங்கி வரும், ஆர்பிஎம் மீட்டர் ஊசியைப் பாருங்கள், இரண்டு நாளில் காதுக்கே பிடிபட்டுவிடும்.

கியர் இறக்கும்போது இதற்கு நேர்மாறு. கிளட்ச் மிதிபட்டிருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டி ஆர்பிஎம்மை ஏற்றிக்கொண்டு அப்புறம் விடுங்கள்.

லீவரைக் குத்தித் தள்ளாதீர்கள். அப்படித் தள்ளினால் அடிபடுவது கியர்பாக்ஸுக்குள் கியர்களின் வேகத்தைச் சமப்படுத்துகிற சின்க்ரோ வளையம், அதை மாற்ற கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும்.

22 வருட டிரைவர்:
தம்பி, மேலே சொன்னது சரி. ஆனால் நீலத் திட்டு வருகிற அளவு சூடு கியர் மாற்றுவதில் மட்டும் வராது. காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போது டிராஃபிக் நின்றால் என்ன செய்கிறீர்கள்? ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே, வண்டியைப் பிடித்து நிறுத்துகிறீர்களா? அப்படியென்றால் அதுதான் காரணம். ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் நில்லுங்கள். முன்வண்டி நகர்ந்ததும் முதல் கியர், கிளட்ச் பிடிக்கிற இடம் வந்து வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

இடது கால் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கிளட்ச் பெடல் மேல் சும்மா வைத்திருந்தாலே, கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் ஓயாமல் அழுந்திக்கொண்டிருக்கும், பிளேட்டும் முழுசாகப் பிடிக்காது. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, நான் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து இரண்டாவதுக்கு இறக்கி, கிளட்சை முழுசாக விட்டபிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்புவேன். வளைவுக்குள் கிளட்சைப் பாதி மிதித்தபடி திரும்புகிறவர்கள் வண்டியில் மேலே போய்ச் சேர்வதற்குள் கருகல் நாற்றம் வந்துவிடும்.

காட்பாடிக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. மேம்பாலத்தில் நான் ஹாஃப் கிளட்ச்தான். நேற்று மட்டும் நாலு தடவை ஹேண்ட் பிரேக் போட்டேன், ஒரு தடவைகூட பின்னால் உருளவில்லை. இடது காலும் பெடல் மேலேயே இருந்திருக்கிறது, செருப்போடு ஓட்டுவதால் தெரியவே இல்லை. கியரை மேலே ஏற்றும்போது இப்போது வெண்ணெய் மாதிரி விழுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதுதான் ஒரு குலுக்கல்.

சத்துவாச்சாரி:
குலுங்கும்போது வண்டி பின்னுக்கு இழுத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டியது போதவில்லை, முன்னே பாய்ந்தால் தட்டியது அதிகம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு பைபாஸ் சர்வீஸ் ரோடு காலியாக இருக்கும், 30 கிலோமீட்டர் வேகத்தில் இருபது தடவை இறக்கிப் பாருங்கள். நிற்கப்போகிறீர்கள் என்றால் கியர் கியராக இறக்கவே வேண்டாம், பிரேக் போதும்.