புதுப்பிப்பு: மெய்நிகர் தீயணைப்புப் பயிற்சி பற்றி முன்பு எழுதியதில் ஒரு திருத்தம்

மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அதில் தெரியும் நெருப்பை அணைத்துப் பழகும் தீயணைப்புப் பயிற்சி வெறும் விளையாட்டு என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அது அவசரத் தீர்ப்பு. மாற்றிக்கொள்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள டீக்கின் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஃபிளேம்’ கருவியைப் பற்றி விரிவாகப் படித்ததே காரணம். அதில் இருப்பது படம் மட்டும் அல்ல. கையில் பிடிக்கும் குழாய், தண்ணீர் பாயும்போது பின்னுக்குத் தள்ளுகிறது. நெருப்பை நெருங்கினால் மார்பில் அணிந்த சட்டை சூடாகிறது. சுவாசக் கருவியும் முதுகில் இருக்கிறது.

என்னை அசைத்த செய்தி வேறு. அதே விக்டோரியா மாநிலத்தில் ஃபிஸ்க்வில் என்ற தீயணைப்புப் பயிற்சி மையம் இருந்தது. பல ஆண்டுகள் அங்கே எரித்த ரசாயனங்களாலும் தெளித்த தீயணைப்பு நுரையாலும் மண்ணும் நீரும் நஞ்சாகி, 2015இல் நிரந்தரமாக மூடப்பட்டது. தீயணைப்புப் பணியையே புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் வகைப்படுத்தியது. பழகுவதற்காக ஒருவர் புகையைச் சுவாசிக்க வேண்டியதில்லை என்றால், அந்தக் கருவியை நான் வரவேற்கிறேன்.

ஒரு மறுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. கும்மிருட்டில் சுவரைத் தடவித் தவழ்வதும், மயங்கிய ஒருவரைப் படிக்கட்டில் இழுத்து இறக்குவதும் உடம்பு கற்க வேண்டியவை. அதற்கு உண்மையான கட்டடமும் உண்மையான எடையும் வேண்டும். முழுப் பயிற்சியையும் திரைக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், இப்போதும் எதிர்ப்பேன்.