பலூன் ஃப்ரேமிங்: ‘தொடர்கால் சட்டகம்’ பொருந்துமா?

> அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்து மூன்றடுக்கு மரவீடு பற்றிய தமிழ்ப் பதிவில், ‘பலூன் ஃப்ரேமிங்’ எனும் மரச்சுவர் கட்டும் முறையைப் ‘பலூன் சட்டகம்’ என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம். காற்றடைத்த கூரை என்றுதான் படிப்பவர் நினைப்பார். வூஸ்டரிலும் பாஸ்டனின் டார்செஸ்டரிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஏராளமாக எழுந்த இந்த வீடுகளில் மாடிக்கு ஒரு குடும்பம். முன்னும் பின்னும் படிக்கட்டு, பின்பக்கம் அடுக்கடுக்காகத் தாழ்வாரம். பலூன் முறையில் கட்டியவற்றில் சுவரைத் தாங்குபவை 2×4 அங்குலக் குத்துக்கால்கள். மையத்துக்கு மையம் 16 அங்குலம். அடிச்சட்டத்தில் ஊன்றிய கால் எந்தத் தளத்திலும் முடியாமல் கூரைவரை ஓடும். பெயர் இதைச் சொல்ல வேண்டும்.

> ‘ஒருமரக்கால்’?

நீளமான மரம் கிடைக்காதபோது துண்டுகளை ஒட்டுப்போட்டும் நீட்டியிருக்கிறார்கள். மரம் ஒன்றல்ல, ஆனால் கால்களுக்கு இடையிலான பொந்து அடிமுதல் முடிவரை ஒன்றே. அதனால் ‘தொடர்கால் சட்டகம்’. பிளாட்ஃபார்ம் ஃப்ரேமிங்கில் ஒவ்வொரு மாடியின் கால்களும் அந்தந்தத் தளத்தின்மேல் புதிதாகத் தொடங்குகின்றன. அது ‘தளவாரிச் சட்டகம்’. அங்கே மேல்சட்டமும் கீழ்ச்சட்டமும் பொந்தைத் தாமே மூடிவிடும்.

தொடர்கால் முறையில் தளத்தைத் தாங்குவது எது என்றும் கேட்டிருந்தீர்கள். கால்களின் உட்புறம் காடி (பள்ளம்) வெட்டி, 1 அங்குலப் பலகையைக் கிடையாகப் பதிப்பார்கள். தளச்சட்டங்கள் அதன்மேல் உட்கார, பக்கவாட்டில் காலோடு ஆணி அடிப்பார்கள். ‘ரிப்பன்’ எனப்படும் அந்தப் பலகைக்குக் ‘காடிப்பட்டி’ போதும். தச்சர் வாயில் காடி ஏற்கெனவே இருக்கிறது.

> ஃபயர் ஸ்டாப்பிங் = தீயடைப்புக் கட்டை?

‘தீயடைப்பு’ சரி, ‘கட்டை’ வேண்டாம்; எல்லா இடத்திலும் கட்டையால் அடைப்பதில்லை. நிலவறையில் பற்றிய தீ இந்தப் பொந்து வழியே பரணுக்கு ஏறிவிடும். தளச்சட்டங்களின் இடைவெளி சுவரோடு திறந்திருப்பதால் பக்கவாட்டிலும் பாயும். சாதாரண இடத்தில் 2 அங்குலக் கட்டையால் அடைக்கலாம். குழாய் செல்லும் ஒழுங்கற்ற ஓட்டையில் கட்டை பொருந்தாது, கனிமக் கம்பளியைத் திணிக்க வேண்டும். புகைபோக்கியை ஒட்டி மரமே கூடாது; தகரம் வைத்து விளிம்பைத் தீத்தாங்கும் பசையால் மூடுவது வழக்கம்.

கட்டை வெட்டும்போது ஒன்று: இன்றைய 2×4இன் உண்மைக் கனம் 1½ அங்குலம், எனவே இடைவெளி 14½. பழைய மரம் முழு 2 அங்குலமாக இருந்தால் 14தான். அதுவும் காலுக்குக் கால் மாறும். ஒவ்வொன்றாக அளந்து வெட்டாமல் மொத்தமாக அறுத்து வைத்தால் பாதி வீண்.

வெப்பம் கடக்காமலிருக்கச் சுவர்ப் பொந்துக்குள் காப்புத்தூள் ஊதுவதற்கு முன்பே அடியை அடைத்துவிட வேண்டும். இல்லையேல் தூள் நிலவறையில் கொட்டும். தளச்சட்ட இடைவெளிக்குள்ளும் போய்விடும்; எத்தனை மூட்டை ஊதினாலும் சுவர் நிரம்பாது.

> ‘தொடர்கால்’, ‘காடிப்பட்டி’, ‘தீயடைப்பு’ மூன்றும் சரி. ‘தளவாரி’ மட்டும் கணக்குப் பட்டியல் மாதிரி ஒலிக்கிறது. ‘மாடிக்கால் சட்டகம்’?

மாடியில் நிற்கும் கால் என்று உடனே புரிகிறது, ஆனால் ஒரே தளமுள்ள வீட்டையும் இப்படிக் கட்டுகிறார்களே. அங்கே மாடி ஏது? ‘தளக்கால் சட்டகம்’ என்றால் ‘தொடர்கால்’ பக்கத்தில் இணையாகவும் நிற்கும். அதையே வைத்துக்கொள்வோம்.